பந்திக்குள் வந்த பொடக்காளி பேண்ட்

1

போன சனிக்கிழமை எங்கள் இசைக்குழுவுக்கு முப்பது வயது நிறைந்தது. குழு பிறந்த அதே முற்றத்தில் கச்சேரி வைத்தோம். செக் நாட்டின் புர்னோ நகரத்தில், ஒரு காலத்தில் நூல் மில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய நாலு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது அந்த முற்றம். நாலு பக்கமும் வராந்தா. வராந்தாக்களில் காயும் துணிகள். நடுவில் ஒரு வால்நட் மரம்.

புர்னோவை அந்தக் காலத்தில் மொராவியாவின் மான்செஸ்டர் என்பார்களாம். கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஒரு மான்செஸ்டரில் கிளம்பி இன்னொரு மான்செஸ்டரில் குடியேறியிருக்கிறேன். அசல் மான்செஸ்டரை இன்றுவரை பார்த்ததில்லை.

என் கணவர் ஜோசப் நூற்பு இயந்திர எஞ்சினியர். அவர் வேலைக்காக வந்தோம், இருந்துவிட்டோம். முதல் வருஷம் குடியேற்ற அலுவலகத்து அம்மாள் என் பெயரை 'ஸ்டெல்லா ஜோசப்போவா' என்று எழுதிக்கொண்டார். இங்கே பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஓர் 'ஓவா' வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்படி இல்லையே என்றேன். "பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார். சண்டை போட எனக்கு அப்போது மொழி இல்லை. மொழி வந்த பிறகு சண்டை போடத் தோன்றவில்லை. கூப்பிடும்போது நான் 'ஸ்டெல்லோ' ஆகிவிடுவேன். கண்ணன் கண்ணா ஆவதுபோல அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு என்று தெரிந்த நாளில்தான் இந்த மொழியை என்னால் கற்க முடியும் என்று நம்பிக்கை வந்தது.

எங்கள் குழுவின் பெயர் 'ஸாத்னி த்வூர்'. பின்முற்றம் என்று பொருள். நம் கொங்குப் பேச்சில் சொன்னால் பொடக்காளி. ரோமா மக்களின் நாட்டுப்பாடல்களை ஜாஸோடு கலந்து வாசிக்கிறோம். மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. வயலின், அக்கார்டியன், கிடார், டபுள் பாஸ், அவ்வளவுதான். டபுள் பாஸ் என்பது ஆள் உயர வயலின். நின்றுகொண்டு, தோளில் சாய்த்து, விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். அதை வாசிப்பவள் நான்.

'ஜிப்சி' என்று எழுதினால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் எங்கள் குழுவைத் தொடங்கிய டேஷோவுக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன். அவர்கள் தங்களை ரோமா என்கிறார்கள். நாடோடிகள் என்றும் எழுதமாட்டேன். டேஷோவின் அப்பா இதே ஊர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேஷோ பிறந்த வீட்டிலேயே எழுபது வயதைத் தாண்டிவிட்டார். எங்களில் நாடோடி யார் என்று கேட்டால், அது நான்தான்.

சனிக்கிழமைக் கச்சேரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தத் தை மாதம் கோயமுத்தூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2

உக்கடத்தில் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நடந்து போகிற தூரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில். நான் அந்தக் கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவள். பார்த்து வாசிக்கத் தெரியும். தாளில் இல்லாததை வாசிக்கத் தெரியாது.

புர்னோவில் மகள் தெரேசாவைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வழியில்தான் அந்த முற்றம். ஒரு நாள் உள்ளேயிருந்து வயலின் கேட்டது. தெரேசா என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். பின்னால் ஓடினேன். வால்நட் மரத்தடியில் டேஷோ வாசித்துக்கொண்டிருந்தார். கறுத்த, தடித்த மனிதர். மீசை நம் ஊர் மீசை. உக்கடம் மீன் மார்க்கெட்டில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அன்று நான் எனக்குத் தெரிந்த அரைகுறை செக்கில், "நானும் வயலின் வாசிப்பேன்" என்றேன்.

"இந்தக் கட்டடத்தில் மாடிக்கு மூன்று பேர் வயலின் வாசிக்கிறார்கள். எங்கள் பாஸ்காரன் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். உனக்கு பாஸ் வாசிக்க வருமா?"

"வராது."

"நல்லது. அப்படியானால் தப்பாகக் கற்றிருக்கமாட்டாய்."

அப்படித்தான் சேர்ந்தேன். விரல்களில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போன பிறகு ஒரு நாள் தாளை மூடச் சொன்னார். "இனி என்னைப் பார்த்து வாசி. நான் எங்கே போகிறேனோ அதற்கு ஓரடி முன்னால் போய் நில்" என்றார். ஜாஸ் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை.

ரோமாக்களோடு சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்த ஊர் எனக்கு முழுதாகத் தெரிந்தது. ட்ராமில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால், கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்து நேராக என்னிடம் வருவார். கடையில் காவல்காரர் என் பின்னாலேயே நடப்பார். டேஷோவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "வாழ்த்துகள் ஸ்டெல்லோ. எங்களில் ஒருத்தியாகிவிட்டாய்" என்றார். ஒரு முறை மலைப்பக்கத்து ஓட்டல் ஒன்றில் வாசித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். கிடார் வாசிக்கும் பாவெல் ஒருவன்தான் எங்கள் குழுவில் வெள்ளைக்காரன். அவனுக்கு மட்டும் மெனு அட்டை வந்தது. பாவெல் அந்த அட்டையை வாங்கி, மடித்து, பரிமாறுபவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். எல்லோரும் எழுந்து வந்து வேனில் ரொட்டி தின்றோம். இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் இனி நடக்காது என்று நம்பி யாரும் வேனில் ரொட்டி வைக்காமல் கிளம்புவதில்லை.

தெரேசா அந்த வேனின் பின்சீட்டில் வளர்ந்தவள். செக் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. ரோமா மொழியில் வசவு உட்பட எல்லாம் வரும். தமிழ்தான் தேய்ந்துபோனது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் செக்கில் பதில் சொல்வாள். பதினைந்து வயதில், "அம்மா, எனக்குத் தமிழில் பேச ஆளே இல்லையே" என்றாள், அதையும் செக்கில். இப்போது வேறு ஊரில் சட்டம் படிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றால் ஏதாவது பரீட்சை வந்துவிடும்.

3

என் அண்ணன் அந்தோணி, கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கிறார். கடைசல் பட்டறையில் ஆரம்பித்து வளர்ந்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். நான் பாஸ் வாசிப்பதில் அவருக்குச் சங்கடம். ஊரில் யார் கேட்டாலும், "தங்கச்சி அங்க பாட்டு டீச்சரா இருக்கறாளுங்க" என்பார். ஒரு முறை போனில் கேட்டேவிட்டேன்.

"நான் என்ன டீச்சராண்ணா?"

"ஏம்மிணி, ஓட்டல் ஓட்டலாப் போய் வாசிக்கறான்னு சொன்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? டீச்சர்னு சொல்லிப்போட்டா பேச்சு முடிஞ்சுது பாரு."

அவர் என்னைத் தாழ்த்தவில்லை, காப்பாற்றுவதாக நினைத்தார். அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை.

அண்ணன் மகள் ஷெரினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு திருப்பூர். பனியன் ஏற்றுமதி. ஷெரின் அப்பாவிடம் ஒரே ஒரு ஆசை கேட்டாள். "அத்தையோட பேண்ட் என் ரிசெப்ஷன்ல வாசிக்கோணும்." அண்ணன் ரொம்ப யோசித்து, சம்பந்தி வீட்டில் 'ஐரோப்பா ஜாஸ் பேண்ட் வருது' என்று சொல்லிவிட்டார். அவர்கள் சந்தோஷப்பட்டார்களாம். அதற்குப் பிறகு அண்ணனே உற்சாகமாகிவிட்டார். "எல்லாத்தையும் கூட்டிட்டு வா அம்மணி. இருக்கறதுக்கு இடம் நான் பாத்துக்கறேன்."

விசா விண்ணப்பத்தில் அப்பா பிறந்த ஊர் என்று ஒரு கட்டம். டேஷோவின் அப்பா பிறந்தது ஸ்லோவாக்கியாவில் ஒரு கிராமத்துக்கு வெளியே இருந்த குடிசைப்பகுதி. அதற்குப் பெயரே கிடையாது. 'ஊருக்கு அப்பால்' என்றுதான் சொல்வார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி நகரமாட்டேன் என்றது. தெரேசா அதில் 'ஊருக்கு அப்பால்' என்றே தட்டிவிட்டாள். விசா வந்துவிட்டது.

பாஸை விமானத்தில் ஏற்றுவது ஆகாத காரியம். எங்கள் கோயிலில் பாடகர் மாடத்தின் மூலையில் ஒரு டபுள் பாஸ் உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் கொண்டுவந்தது. சிறுமியாக இருந்தபோது அதற்கு ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்திருப்பார்கள். நான் அதை ஏதோ புனிதரின் சுரூபம் என்று நினைத்திருந்தேன். பங்குச்சாமியாரிடம் கேட்டதும், "எடுத்துட்டுப் போங்கம்மா, கரையான் புடிக்கறதுக்குள்ள" என்றார். நான் கொண்டுபோன நரம்புகளைக் கட்டி, ஒரு நாள் பூராவும் முறுக்கி நிறுத்தினேன். முதல் சுண்டலில் மாடத்தின் பலகைகள் அதிர்ந்தன. நல்ல மரம்.

தெரேசா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். "டேஷோ காக்கோ வருகிறார் என்றால் நானும் வருவேன்" என்றாள். காக்கோ என்றால் ரோமா மொழியில் மாமா.

4

குழுவில் மற்றவர்களுக்குக் காந்திபுரத்தில் லாட்ஜ். டேஷோ வந்ததும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே டவுன் பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூவலை வயலினில் எடுத்துவிட்டார். அக்கார்டியன் வாசிக்கும் அவர் மகன் மிலான் அதற்குப் பின்னால் ஹார்ன் சத்தத்தைச் சேர்த்தான். கீழே ஒரு கண்டக்டர் அண்ணாந்து பார்த்து, "இன்னொருக்கா வாசிங்க சார்!" என்று கத்தினார்.

மறுநாள் காலை கோயிலில் கல்யாணத் திருப்பலி. அவிநாசி ரோட்டு மண்டபத்தில் மதிய விருந்தும் ரிசெப்ஷனும். நாங்கள் முன்னதாகவே மண்டபத்துக்குப் போனோம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கழுத்தில் அட்டையும் காதில் வயருமாக ஓடி வந்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"வாங்க மேடம். ஃபாரின் ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் எங்கீங்க? வண்டியில இருக்காங்களா?"

"இவங்கதானுங்க" என்றேன்.

அவர் டேஷோவைப் பார்த்தார். மிலானைப் பார்த்தார். பாவெலைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இல்லீங்க மேடம், வெள்ளைக்காரங்க பேண்டுன்னு சொன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னங்க சொல்றது? இவங்களப் பாத்தா நம்ம ஆளுங்க மாதிரியே இருக்குதுங்களே!"

அண்ணன் பட்டு வேட்டியோடு வந்தார். பொறுப்பாளர் அவர் காதில் பேசினார். அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"அம்மணி, தப்பா எடுத்துக்காதே. சம்பந்திகிட்ட ஐரோப்பா பேண்டுன்னு சொல்லிவச்சுட்டேன். இப்ப ஏமாத்திப்போட்டேன்னு நெனைச்சா ஷெரினுக்குத்தான் கஷ்டம். மேடையில டிஜே இருக்கட்டும். அந்த வெள்ளைக்காரத் தம்பி வேணும்னா மேடையில நின்னு கிடார் வாசிக்கட்டும். நீங்கெல்லாம் பந்தி ஹால் வாசல்ல வாசிங்க. அங்கீயும் ஆளுக வருவாங்கல்ல?"

பக்கத்தில் வந்து நின்ற தெரேசாவுக்குத் தமிழ் வராது என்று அண்ணன் நினைத்திருந்தார். நானும்தான் நினைத்திருந்தேன்.

"மாமா, நீ தப்பு செய்யறே" என்றாள்.

அண்ணனை அந்தக் குடும்பத்தில் யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. அவருடைய தம்பி முறைக்காரர்கள்கூட எழுந்து நின்றுதான் பேசுவார்கள். நாங்கள் வீட்டில் அவளிடம் பேசிய தமிழ் எல்லாம் 'நீ வா, நீ சாப்பிடு'தான். அவளுக்குத் தெரிந்த தமிழும் அதுதான்.

"டேஷோ காக்கோ என்னை வளத்தாரு. நீ அவரை வாசல்ல நிக்கவக்கிறே. கலர் பாக்கறே. ஒரு தடவை... ஒரு தடவை நீ கேட்டியா, அம்மா வாசிக்கறதை? கேக்காம எப்படி உனக்குத் தெரியும்?"

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திருப்பூர்க்காரர்களின் கார்கள் வந்து நிற்கும் பக்கம் நடந்துபோனார். கோபமா, வெட்கமா தெரியவில்லை.

நான் நடந்ததை டேஷோவிடம் மறைக்கவில்லை. மறைத்தாலும் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் ஆள். கேட்டுவிட்டு வயலின் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இதற்காகவா ஸ்டெல்லோ இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்? இது எங்கள் ஊரிலேயே கிடைக்குமே."

பாவெல் கிடாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட ஆரம்பித்தான். "லாட்ஜுக்குப் போகலாம்" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மணப்பெண் கோலத்தில் ஷெரின் மாடி ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

டேஷோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கேட்டார். "சாப்பாட்டு அறைக்கு எத்தனை பேர் வருவார்கள்?"

"எல்லோரும்தான். நம் ஊரில் சாப்பிடாமல் யாரும் போகமாட்டார்கள்."

"மேடைக்கு முன்னால்?"

"பாதிப் பேர் இருப்பார்கள். போனைப் பார்த்துக்கொண்டு."

டேஷோ எழுந்தார். "என் அப்பா, தாத்தா எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். மேடையெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. பாவெல், பெட்டியைத் திற. வாசலில் நிற்கப் போவதில்லை. உள்ளே போகிறோம்."

5

முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. நீள மேசைகள், வாழையிலை, மட்டன் பிரியாணி, வெங்காயத் தயிர், பிரெட் அல்வா. மேலேயிருந்து டிஜேயின் சத்தம் சுவர் வழியாகத் திம் திம் என்று வந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போனபோது யாரும் தலை தூக்கவில்லை. பிரியாணிக்கு முன் உட்கார்ந்த கோயமுத்தூர்க்காரரை வேறெதுவும் அசைக்காது.

ரோமா இசைக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வயலின்காரர் மேசைக்கு மேசை போவார். ஒருவர் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, அவர் காதுக்கு மட்டும் வாசிப்பார். டேஷோ முதலில் போய் நின்றது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பக்கம். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா பெர்னார்ட் என்று எனக்கு அப்போது தெரியாது. டேஷோ மெதுவாக ஒரு மெட்டை வாசித்தார். பெரியவர் கவளத்தை நிறுத்தினார். டேஷோ புருவத்தைத் தூக்கி, 'உங்கள் பாட்டு எது?' என்பதுபோலத் தலையை ஆட்டினார். மொழியே வேண்டியிருக்கவில்லை. பெரியவர் வெட்கப்பட்டு, அக்கம்பக்கம் பார்த்து, வாயில் பிரியாணியோடு ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காலத்துச் சினிமாப் பாட்டின் இரண்டு வரியை முனகினார்.

டேஷோ அதைப் பிடித்துக்கொண்டார். முதல் முறை அப்படியே வாசித்தார். இரண்டாம் முறை அதில் அவருடைய ஊர் வந்தது. மிலானின் அக்கார்டியன் கீழே விரிந்தது. பாவெலின் கிடார் சவுக்கடிபோலத் தாளம் எடுத்தது. நான் பாஸைத் தோளில் சாய்த்து, அவர் போகும் இடத்துக்கு ஓரடி முன்னால் போய் நின்றேன். பெரியவர் பாட்டை முனகுவதை விட்டுவிட்டு வாய்விட்டே பாடினார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு கையைத் தூக்காத ஆள் இல்லை. "ஏனுங்க, இங்க வாங்க!" "இந்தப் பக்கமுங்க!" ஒரு பாட்டி வால்பாறை எஸ்டேட்டில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டைக் கேட்டார். ஒரு போலீஸ்காரர் தாலாட்டு கேட்டார். பரிமாறியவர்களில் பீகாரிலிருந்து வந்தவர் ஒருவர், நடுவயதுக்காரர். டேஷோ தொண்டை வறண்டு ரோமா மொழியில் "பானி" என்றபோது, பரிமாறியவர்களில் அவருக்குத்தான் சட்டென்று புரிந்தது; இந்தியிலும் தண்ணீருக்கு அதே சொல். தண்ணீர் கொண்டுவந்தவர் திரும்பிப் போகவில்லை. கையிலிருந்த காலி வாளியைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்தார். அதுவும் தாளத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, சரியான இடத்தில். மிலான் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

இதற்கிடையில் ஒரு சிக்கல் வளர்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் எழவில்லை. இலையை மடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றவர்கள், இடம் கேட்பதை மறந்து அவர்களும் கைதட்டினார்கள். சமையல் பொறுப்பாளர் தலையில் கைவைத்து, "ஏனுங்க, எந்திரிங்க, பிரியாணி ஆறுதுங்க!" என்று ஒவ்வொரு மேசையாகக் கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. மாடியில் மண்டபம் காலியாகிக்கொண்டு வந்திருக்கிறது. பந்தி ஏன் நகரவில்லை என்று பார்க்க அண்ணனே இறங்கி ஓடி வந்தார்.

வாசலில் நின்று பார்த்தார். தன் சம்பந்தி பாடுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

டேஷோவுக்கு அவர் யார் என்று தெரியும். வில்லை இறக்கினார். மிலான் நிறுத்தினான், பாவெல் நிறுத்தினான். எங்கள் குழுவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இப்போது நீ மட்டும்.

ஒரு வினாடி பயந்தேன், பிறகு அந்தப் பழைய மரம் என் தோளில் அதிர்ந்தது. சம்பந்தியின் பாட்டையே எடுத்துக்கொண்டேன். அடிநரம்பில் நடக்கவிட்டேன். ஓடவிட்டேன். தாளில் இல்லாத இடத்துக்கெல்லாம் போனேன். இத்தனை வருஷமாக ட்ராமிலும் வேனிலும் குளிரிலும் கற்றதெல்லாம் என் விரல்களில் இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. கோபமாக ஆரம்பித்தது எங்கோ பாதியில் சந்தோஷமாக மாறிவிட்டது. வாளிக்காரர் மெதுவாகத் தட்டி என்னைத் தாங்கினார். முடித்தபோது ஒரு நொடி மேலேயிருந்து டிஜேயின் திம் திம் மட்டும் கேட்டது. அப்புறம் கைதட்டலில் அதுவும் கேட்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர் கடைசி விருந்தாளி கை கழுவிய பிறகுதான் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் நேராக வந்தார். என் முன்னால் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேல்துண்டை மடியில் போட்டார்.

"எனக்கு ஒரு எலை போடுங்கப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வாசி அம்மணி. நான் கேக்கறேன்."

சம்பந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, ஐரோப்பாவுலீருந்து பேண்டுன்னு சொன்னீங்களே, அது வேறீங்களா?"

"இதுதானுங்க. இவ என் தங்கச்சிங்க" என்றார் அண்ணன். பிரியாணியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்.

"அப்படீங்களா? மூத்த பையனுக்கே இப்படி வாசிச்சாச்சு. சின்னவனுக்கு அடுத்த வருஷமுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன், இவங்கதான் வரோணும்."

கொஞ்ச நேரத்தில் ஷெரினும் மாப்பிள்ளையும் மாலையோடு இறங்கி வந்துவிட்டார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் டிஜேயை நிறுத்திவிட்டு மைக்கோடு ஓடி வந்தார். "மேடம், பேண்ட் பேரு என்னங்க? அனவுன்ஸ் பண்ணோணுமுங்க." எனக்கு முன்னால் தெரேசா மைக்கை வாங்கினாள். ஒரு வினாடி யோசித்தாள்.

"பொடக்காளி!" என்றாள்.

கோயமுத்தூர் மண்டபம் ஒன்றில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்த வாயோடு எல்லோரும் ஆட எழுந்தார்கள். அப்போதுதான் பந்தி காலியானது.

வெளியே வரும்போது தெரேசா அண்ணன் முன்னால் போய் நின்று, "மாமா, சாரி. நீங்க... நீங்கனு சொல்லணும்" என்றாள். அண்ணன் அவள் தலையில் கைவைத்தார். "அதை விடு கண்ணு. 'கேக்காம எப்படித் தெரியும்'னு கேட்டே பாரு, அதை யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல."

6

அண்ணன் எங்கள் கச்சேரிக்கு வர விசாவுக்கு விண்ணப்பித்தது, அவர் புர்னோவில் வந்து இறங்கும்வரை எனக்குத் தெரியாது. தெரேசாவும் அவருமாகச் சேர்ந்து செய்த காரியம். கல்யாணத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் இருவரும் போனில் பேசுகிறார்கள். அவள் தமிழில் கேட்கிறாள், அவர் அவளிடம் செக் கற்கிறார். என்ன கற்றார் என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் சொல்றனுங்க" என்று ஜோசப்பிடம் மழுப்புவார்.

சனிக்கிழமை மாலை. கோடையில் இங்கே வெகு நேரம் வெயில் இருக்கும். முற்றத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தோம். வால்நட் மரத்தடியில் எங்கள் இடம். நாலு மாடி வராந்தாக்களிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். துணிகளை எடுத்துவிட்டுக் கொடியில் காகிதப் பூ கட்டியிருந்தார்கள். என் பாஸ் டேஷோவின் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மிலான் எடுக்கப் போனபோது அண்ணன் அவனை விலக்கிவிட்டார்.

"நான் கொண்டாரேன். கிரைண்டர் கல்லு தூக்கின கை இது" என்றார், தமிழிலேயே. மிலானுக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் ஆள் உயர பாஸ். அவர் மூன்றாம் மாடி வராந்தாவில் வந்ததும் கதவோரம் நின்ற ஒரு ரோமா அம்மாள் வழிமறித்து, யார் நீங்கள், அதை எங்கே எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று செக்கில் அதட்டினார். நான் கீழேயிருந்து பதில் சொல்ல வாயெடுத்தேன். தெரேசா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அண்ணன் நின்றார். பாஸைப் பத்திரமாகத் தரையில் ஊன்றினார். நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, முற்றம் முழுதும் கேட்கும்படி சொன்னார்.

"யா ஸெம் யெயீ பிராட்டர்!"

நான் இவளோட அண்ணன்.

அந்த அம்மாள் கைதட்டினார். வராந்தா முழுக்க ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். டேஷோ மரத்தடியிலிருந்து வில்லை உயர்த்தி ஆட்டினார். அண்ணன் பாஸை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். இரண்டாம் மாடியில் அதையே சொன்னார். முதல் மாடியில் சொன்னார். கீழே வந்ததும் முன்வரிசையில் இருந்தவர்களிடம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.